அண்ணன் கதவைத் தட்டவில்லை

அன்புள்ள செல்வத்துக்கு,

முதலில் என் கையெழுத்தை நீ பொறுத்துக்கொள்ள வேண்டும். கோடு போட்ட தாளில்தான் எழுதுகிறேன். ஆனால் எழுத்துகள் கோட்டின் மேல் நிற்க மாட்டேன் என்கின்றன. 'ழ' எழுதத் தொடங்கினால் கை எங்கே போய் நிற்கும் என்று எனக்கே தெரியாது. இத்தனை வயது வரை புளியமரக் கிளையைப் பிடித்து உலுக்கிய விரல்கள் இவை. பேனா அவற்றுக்கு ரொம்ப மெல்லிசாக இருக்கிறது. நல்ல நாளில் ஒரு பக்கம் வரும், லோடு ஏற்றுகிற நாளில் நாலு வரிதான் வரும். அதனால் மை ஓரிடத்தில் நீலமாகவும் ஓரிடத்தில் கறுப்பாகவும் இருக்கும். பிழைகளை எங்கள் முதியோர் எழுத்து வகுப்பு டீச்சர் திருத்திக் கொடுத்தார். விஷயத்தைத் திருத்த நான் விடவில்லை. "இம்புட்டுக் கோவமாவா தாத்தா மகனுக்கு எழுதுறது?" என்று கேட்டார். "கோவத்துல எழுத்துப் பிழை இருக்கா டீச்சர்?" என்றேன். "இல்லை" என்றார். "அப்ப விட்ருங்க" என்று சொல்லி வாங்கிக்கொண்டேன்.

இதைப் போனில் சொல்லியிருக்கலாம். சொன்னால் நீ சிரிப்பாய். நீ சிரித்தால் நானும் சிரித்துவிடுவேன், அது உனக்கும் தெரியும். காகிதத்தில் உன் சிரிப்பு எனக்குக் கேட்காது. நீ எனக்கு ஒரு துரோகம் செய்திருக்கிறாய். அதை இந்த மாதம்தான் கண்டுபிடித்தேன். அதற்காக உன்னிடம் ஒரு காரியம் கேட்கப் போகிறேன். என்னவென்று கடைசியில் சொல்கிறேன். நேராகக் கடைசிப் பக்கத்துக்குத் தாவாதே. நான் எழுதிய வரிசையிலேயே வாசி.

என்னை வருத்தத்தில் கிடக்கிற கிழவன் என்று நினைத்துவிடாதே. வாசிக்கத் தெரிந்த பிறகு எனக்கு ஒவ்வொரு நாளும் திருவிழாவாகத்தான் விடிகிறது. உசிலம்பட்டி பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு வருகிற பஸ்ஸையெல்லாம் வாசிக்கிறேன். ஏற வேண்டிய பஸ்ஸை விட்டுவிட்டு, ஏற வேண்டாத பஸ்ஸை வாசித்துக்கொண்டு நின்ற நாளும் உண்டு. முன்பு நான் பஸ்ஸை அதன் நிறத்தை வைத்தும் டிரைவர் மீசையை வைத்தும்தான் அடையாளம் கண்டேன். இப்போது பரவை மார்க்கெட்டுக்குப் புளி கொண்டுபோகும்போது வழியில் உள்ள கடைப் பலகைகளைச் சத்தமாக வாசிக்கிறேன். பக்கத்து சீட்டில் இருந்த ஓர் இளவட்டம், "என்ன பெரியவரே, புதுசாப் படிச்சிருக்கீகளா?" என்று கேட்டான். "ஆமா மாப்ள, இந்தத் தைப் பொங்கலுக்கு அப்பறம்தான் முழுசா வந்துச்சு" என்றேன். அவன் இறங்கும் வரை எனக்குக் கடைப் பெயர்களைக் காட்டிக்கொண்டே வந்தான். ஒரு பெயரில் நான் திணறியபோது அவனும் திணறினான். அது இங்கிலீஷ் பெயரைத் தமிழில் எழுதியது.

புத்தகங்களும் வாசிக்கிறேன். இது புளி சீசன், உட்கார நேரமில்லை என்று உனக்குத் தெரியும். சாக்கைத் தைத்து முடித்து வேன் வருகிற வரையில் கொஞ்சம், பஸ்ஸில் கொஞ்சம், உன் அம்மா குளிக்கப் போன நேரத்தில் கொஞ்சம். முதலில் வாசித்தது சிறு பிள்ளைகளுக்கான யானைக்குட்டிப் புத்தகம். குட்டி தன் தாயைத் தேடிக் கண்டுபிடிக்கும் வரை எனக்குச் சோறு இறங்கவில்லை. அடுத்து மாட்டு நோய்களைப் பற்றிய புத்தகம். அது நல்ல புத்தகம், சொன்னதைச் சொல்லிவிட்டு நிறுத்துகிறது. பிறகு ராஜாக்களின் சரித்திரம். ராஜாக்கள் பட்டத்துக்கு வருகிறார்கள், சண்டைக்குப் போகிறார்கள், சாகிறார்கள். ஒரு ராஜாகூடப் பல்வலி என்று படுத்ததாக எழுதவில்லை. நாவல்களில் எனக்கு ஒரு குறை உண்டு. அதில் வரும் ஆட்கள் வேலைக்கு எப்போது போகிறார்கள் என்றே தெரியவில்லை. ஜன்னல் ஓரத்தில் நின்று பக்கம் பக்கமாக யோசிக்கிறார்கள். நம் வீட்டில் அப்படி ஒருவன் நின்றால் உன் அம்மா அவன் கையில் முறத்தைக் கொடுத்துவிடுவாள்.

ஒரு சிறுகதையில் ஒருத்தி ரயிலுக்காகக் காத்திருக்கிறாள். காத்திருக்கும்போதே கதை முடிந்துவிட்டது. கடைசிப் பக்கத்தை யாரோ கிழித்துவிட்டார்கள் என்று நினைத்து டீச்சரிடம் கொண்டுபோனேன். "இல்ல தாத்தா, கதையே அம்புட்டுதான்" என்றார். "ரயிலு வந்துச்சா, இல்லையா?" "அத நீங்களா நெனச்சுக்கிறணும்." "நானா நெனைக்கிறதுக்குப் புத்தகம் எதுக்கு டீச்சர்? அது வீட்லயே முடியுமே" என்றேன். வகுப்பில் எல்லாரும் சிரித்தார்கள். அன்றைக்கு நானும் சிரித்தேன்.

சொந்தமாக வாசிக்க ஆரம்பித்ததும், நீ எனக்கு வாசித்துக் காட்டிய புத்தகங்களையெல்லாம் என் கண்ணாலேயே ஒருமுறை வாசித்துவிட வேண்டும் என்ற ஆசை வந்தது. நீ ஒன்பதாவது படித்த வருஷம் நினைவிருக்கிறதா? மாசி, பங்குனியில் வாசலில் தகரக் கொட்டகைக்குக் கீழே புளி மலையாகக் கிடக்கும். ஓடு உடைத்து, நார் உரித்து, தட்டிக் கொட்டை எடுக்க வேண்டும். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நீயும் உட்கார வேண்டும். உட்கார்ந்தால் பத்து நிமிஷத்தில் விரல் எரிகிறது என்பாய். ஒருநாள் நூலகத்திலிருந்து ஒரு புத்தகத்தைக் கொண்டுவந்து, "அப்பா, நான் வாசிக்கிறேன், நீங்க கேட்டுக்கிட்டே வேலை பாருங்க" என்றாய். அன்றைக்கு நம் வீட்டில் ஒரு சட்டம் வந்தது. வாசிக்கிறவன் கொட்டை எடுக்க வேண்டாம். அவன் பங்கையும் கேட்கிறவர்கள் எடுத்துவிட வேண்டும். எங்கள் கை புளியில் இருந்தது, காது உன்னிடம் இருந்தது. வேலை பார்த்த களைப்பே தெரியவில்லை. நீ எத்தனையோ புத்தகங்கள் வாசித்தாய். அதில் எனக்கு உயிராக இருந்தது சிவப்பு அட்டை போட்ட அண்ணன் தம்பி கதை.

கதை உனக்கு மறந்திருக்காது. அண்ணன் சடையாண்டி, தம்பி மாயாண்டி. இரண்டு பேருக்கும் பொதுவில் ஒரு கிணறு. ஒரு கோடையில் யார் முதலில் தண்ணீர் பாய்ச்சுவது என்று வாய்த்தகராறு வந்து பேச்சு நின்றுபோகிறது. வருஷக் கணக்கில் பேசவில்லை. பிறகு தம்பி காய்ச்சலில் கிடப்பதாக அண்ணன் காதுக்கு வருகிறது. ஒரு மத்தியானம் கிளம்பித் தம்பி வீட்டு வாசல் வரை போகிறான். கதவு சாத்தியிருக்கிறது. அந்த இடத்தில் நீ நிறுத்தினாய். எங்கள் கையும் நின்றது. பிறகு மூச்சு வாங்கிக்கொண்டு வாசித்தாய். 'அண்ணன் கதவைத் தட்டினான். தம்பி எழுந்து வந்து திறந்தான். சாப்பிட்டாயா அண்ணே என்று கேட்டான்.' நான் எழுந்து கொல்லைப்புறம் போய்விட்டேன். கண்ணில் புளித்தூசி விழுந்துவிட்டது என்று சொன்னேன்.

ஏன் போனேன் என்று உனக்குத் தெரியும். அப்போது நானும் உன் சித்தப்பாவும் பேசிக்கொள்வதில்லை. அவன் மேலூரில் இருந்தான். மகளுக்குக் காது குத்து வைத்தான். பங்காளியை அழைப்பதென்றால் வெற்றிலை பாக்குத் தட்டோடு வீட்டுக்கு வந்து, 'அண்ணே, நீ முன்னாடி நின்னு நடத்திக் குடுக்கணும்' என்று சொல்ல வேண்டும். அவன் பத்திரிகையை நம் ஊர் டீக்கடையில் கொடுத்துவிட்டு அடுத்த பஸ்ஸில் ஏறிப் போய்விட்டான். எழுத்துத் தெரியாத அண்ணனுக்குப் பத்திரிகையை மட்டும் அனுப்பியிருக்கிறான். டீக்கடைக்காரர் அதை நாலு பேருக்கு நடுவில் எனக்கு வாசித்துக் காட்டினார். நான் காது குத்துக்குப் போகவில்லை. பிறகு எதற்கும் போகவில்லை.

நீ அந்த முடிவை வாசித்த பிறகு எனக்கு நிம்மதி போய்விட்டது. அடுத்த வெள்ளிக்கிழமை யாரிடமும் சொல்லாமல் மேலூருக்குப் பஸ் ஏறினேன். அவன் வீட்டுக் கதவு சாத்தியிருந்தது, கதையில் வந்தது போலவே. அதைப் பார்த்ததும் வந்த வழியே திரும்பிவிட்டேன், செல்வம். தெருமுனை வரை வந்துவிட்டேன். அங்கே கல் ஏற்றிய லாரி ஒன்று வழியை அடைத்துக்கொண்டு நின்றது. அது நகரும் வரை நின்றபோது, 'சாப்பிட்டாயா அண்ணே' என்று நீ வாசித்தது காதில் கேட்டது. அச்சில் போட்ட விஷயம், படித்த ஒருவர் யோசித்து எழுதியது, அது பொய்யாகாது என்று நினைத்தேன். திரும்பிப் போய்க் கதவைத் தட்டினேன். உன் சித்தப்பா கைலியை இறுக்கிக்கொண்டு வந்து திறந்தான். சாப்பிட்டாயா என்று கேட்கவில்லை. "என்னண்ணே, இப்பத்தான் வழி தெரிஞ்சுச்சா?" என்றான். "பத்திரிகை டீக்கடையில கெடந்துச்சு. அதுல விலாசம் போட்ருந்துச்சு" என்றேன். உள்ளேயிருந்து உன் சித்தி சத்தமாகச் சிரித்தாள். அந்தச் சிரிப்பில்தான் அவன் முகம் இளகியது. அன்று அங்கேதான் சாப்பிட்டேன்.

சாப்பிடும்போது அவனிடம் புத்தகக் கதையைச் சொன்னேன். அதிலிருந்து அவன் பார்க்கிறவர்களிடமெல்லாம், "எங்கண்ணன என்கிட்டக் கூட்டிக்கிட்டு வந்தது ஒரு புத்தகம்" என்று சொல்லிக்கொண்டு திரிந்தான். நானும் விடவில்லை. ஊரில் அண்ணன் தம்பி சண்டை என்று யார் வந்தாலும், "ஏப்பா, அண்ணங்காரன் போயிக் கதவத் தட்டணும்னு புத்தகத்துலயே போட்ருக்கு" என்று சொல்லி அனுப்பிவைத்தேன். சிலர் போய்த் தட்டினார்கள். ஒருவன் தட்டிவிட்டுத் தலையில் தண்ணீர் வாங்கிக்கொண்டு திரும்பி வந்து, "எந்தப் புத்தகம்யா அது?" என்று என்னைக் கேட்டான். நீ வாசித்ததை வைத்து இருபது வருஷம் ஊருக்கு நியாயம் சொல்லியிருக்கிறேன்.

இந்த மாதம் நூலகத்துக்குப் போனேன். இப்போது இருப்பவர் ஓர் அம்மா. "புத்தகத்தோட பேரு?" என்றார். "தெரியாதும்மா, எழுத்துத் தெரியாத காலத்துல கேட்டது. செவப்பு அட்டை. அண்ணன் தம்பி. ஒரு கெணறு" என்றேன். அவர் அலமாரிக்குப் பின்னால் போய்த் தேடித் தூசியைத் தட்டிக் கொண்டுவந்தார். கையில் வாங்கியதும் முகர்ந்து பார்த்தேன். அதே புத்தகம்தான் என்று பிறகு தெரிந்தது. உள்ளே பக்கங்களின் ஓரத்தில் பழுப்பாகப் புளிக் கறை. நம் வீட்டு வாசலில் இருந்து போன புத்தகம் இருபது வருஷம் கழித்து என்னைப் பார்க்க வந்திருக்கிறது என்று நினைத்தேன்.

வாசிக்க வாசிக்க ஒரு சந்தேகம் வந்தது. ஆற்றில் வெள்ளம் வந்து மாயாண்டி மரத்தின் மேல் மாட்டிக்கொள்வானே, அது எங்கே? சடையாண்டி சிறுத்தையோடு கட்டிப் புரள்வானே, அது எங்கே? புத்தகத்தில் வருகிற ஊரில் ஆறே இல்லை. கிணறு மட்டும்தான். பாதிக்கு மேல் வாசித்த பிறகுதான் எனக்கு விளங்கியது. கதை முடிந்தால் நீ புளியில் கைவைக்க வேண்டும். அதனால் வெள்ளத்தைக் கொண்டுவந்திருக்கிறாய். அந்த வெள்ளம் வடியும் வரை நானும் உன் அம்மாவும் எத்தனை மூட்டைக்குக் கொட்டை எடுத்தோமோ. இதற்கு எனக்குக் கோபம் வரவில்லை. பஸ்ஸில் இருந்தபடியே சத்தமாகச் சிரித்தேன். சிறுத்தை நன்றாகவே இருந்தது. புத்தகத்தை எழுதியவர்கூட அப்படி எழுதியிருக்க முடியாது.

கடைசிப் பக்கத்துக்கு வந்தேன். அண்ணன் வாசல் வரை போகிறான். கதவு சாத்தியிருக்கிறது. அவன் நிற்கிறான். தம்பி கூப்பிடட்டும் என்று நினைக்கிறான். உள்ளே படுத்திருக்கும் தம்பிக்குக் காலடிச் சத்தம் கேட்கிறது. அண்ணனின் நடை என்று தெரிகிறது. அவன் தட்டட்டும் என்று நினைக்கிறான். பிறகு ஒரு வரி. 'அண்ணன் திரும்பி நடந்தான்.' அதற்குக் கீழே வெள்ளைக் காகிதம். நான் எழுத்துக் கூட்டித் திரும்பத் திரும்ப வாசித்தேன். எனக்குத்தான் சரியாக வாசிக்கத் தெரியவில்லையோ என்று பயந்து, ஒவ்வொரு எழுத்திலும் விரலை வைத்து வாசித்தேன். தட்டவில்லை. எந்தப் பக்கத்திலும் தட்டவில்லை.

அந்தக் கடைசிப் பக்கத்திலும் கறை இருந்தது. கட்டைவிரல் அளவில். நீ கொட்டை எடுக்காதவன், உன் விரல் சுத்தம். என் கை அந்தக் காலத்தில் புத்தகத்தைத் தொட்டதே இல்லை. வீட்டில் அஞ்சாம் வகுப்பு வரை படித்த கை ஒன்றுதான் இருந்தது. புத்தகத்தை எடுத்துக்கொண்டு உன் அம்மாவிடம் போனேன். அவள் முறத்தில் புளியைப் பரப்பிக்கொண்டிருந்தாள்.

"இதக் கடைசி வரைக்கும் நீ வாசிச்சிருக்கியா?"

"எத?" என்றாள், நிமிராமல்.

"கடைசிப் பக்கத்துல உன் வெரலு இருக்கு."

"என் வெரலு எங்கிட்டத்தான் இருக்கு. பாக்குறீகளா?" என்று புளிக்கையைத் தூக்கிக் காட்டினாள்.

"பய மாத்தி வாசிச்சது உனக்குத் தெரியுமா, தெரியாதா?"

அவள் முறத்தைக் கீழே வைத்தாள். "தெரியும். அதுக்கு மொத நாளு மத்தியானம் நான் வாசிச்சிருந்தேன். அந்த எடத்துக்கு வந்ததும் பய என்னையப் பாத்தான். நான் தலையக் குனிஞ்சுக்கிட்டேன். அம்புட்டுதான் நான் செஞ்சது."

"இம்புட்டு வருசமா ஒரு வார்த்த சொல்லணும்னு தோணலையா?"

"நீங்க மேலூருக்குப் போயிட்டு வந்து அன்னைக்கு எப்பிடி இருந்தீக தெரியுமா? வாசல்ல நின்னுக்கிட்டு விசில் அடிச்சீக. அதுக்கு மேல நான் என்னத்தச் சொல்ல?"

"என்னைய ஏமாத்திப்புட்டீக, ஆத்தாளும் மகனும் சேந்து."

"ஏமாந்ததுல ஒங்களுக்கு என்ன கொறஞ்சுபோச்சு? ஒரு தம்பி கெடச்சாரு."

அவள் சொன்னது சரியாக இருந்ததால் எனக்குக் கோபம் இன்னும் கூடியது. அன்று மத்தியானம் சாப்பிடவில்லை. சாயங்காலம் பசித்தது, சாப்பிட்டேன். ஆனால் பேசவில்லை.

யோசித்துப் பார்த்தேன். நான் ஆயுசு முழுக்கச் செய்கிற வேலை என்ன? பழத்தை உடைத்து, கொட்டையை எடுத்துவிட்டு, வாய்க்கு உறுத்தாத சதையை மட்டும் கடைக்காரனுக்குக் கொடுப்பது. அதையே நீ எனக்குச் செய்திருக்கிறாய். ஆனால் நான் விற்கும்போது கொட்டை எடுத்த புளி என்று சொல்லித்தான் விற்கிறேன். நீ சொல்லவில்லை. அந்த வீட்டில் மூன்று பேர் இருந்தோம். இரண்டு பேருக்குத் தெரிந்த ஒன்று மூன்றாவது ஆளுக்குத் தெரியாமல் போனதற்கு ஒரே காரணம், அவனுக்கு எழுத்துத் தெரியாது என்பதுதான். டீக்கடையில் நாலு பேர் முன்னால் பட்ட அவமானம் இதைவிடச் சின்னது. அது வெளி ஆட்களுக்கு நடுவில் நடந்தது.

இன்னொன்றும் இருக்கிறது. அதை எழுத எனக்கு மூன்று நாள் ஆனது. அந்த எழுத்தாளர் என்னைப் பார்த்ததே இல்லை. ஆனால் நான் எப்படிப்பட்டவன் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. நான் திரும்பி நடந்தவன்தான். லாரி வழியை மறிக்காமல் இருந்திருந்தால் பஸ் ஏறியிருப்பேன். என்னை அப்படியே எழுதிவைத்த ஒருவர் நம் வாசல் வரை வந்திருக்கிறார். நீ அவரை உள்ளே விடாமல் வாசலிலிருந்தே திருப்பி அனுப்பிவிட்டு, அவர் குரலில் நீ பேசியிருக்கிறாய்.

இத்தோடு முடிந்திருந்தால் இந்தக் கடிதம் எழுதியிருக்க மாட்டேன். போன ஞாயிற்றுக்கிழமை மேலூரில் நடந்ததுதான் என்னை எழுத வைத்தது. உன் சித்தப்பா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து படுத்திருப்பது உனக்குத் தெரியும். படுத்தே கிடப்பது அவனுக்குப் பொறுக்கவில்லை. "அண்ணே, நீ வாசிக்கப் பழகிட்டியாமே. அந்த நம்ம புத்தகத்தக் கொண்டாந்து வாசிச்சுக் காட்டுண்ணே" என்று போன் செய்தான். இரண்டு நாள் யோசித்தேன். நீ செய்ததை நானும் செய்வதா? அச்சில் இருப்பதை இருக்கிறபடி வாசிப்பது என்று முடிவு செய்துகொண்டு போனேன்.

கட்டில் பக்கத்தில் நாற்காலி போட்டு, பாதிக்கு அப்புறம் வருகிற சண்டையிலிருந்து ஆரம்பித்தேன். என் வாசிப்பு உன் வாசிப்புப் போல ஓடாது, மாட்டு வண்டி மேடு ஏறுகிற மாதிரிதான். ஆனாலும் அவன் குறுக்கே பேசாமல் கேட்டான். இடையில் ஒரு தடவை மட்டும், "வெள்ளம் எங்கண்ணே?" என்றான். "அது இதுல இல்லடா" என்றேன். கதவு சாத்தியிருக்கிற இடம் வந்ததும், அடுப்படியில் ஓடிய மிக்சியை நிறுத்தச் சொல்லிக் கத்தினான். "ஏ, இங்க வா. இப்பத் தட்டுவான் பாரு." உன் சித்தி கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள். நான் வாசித்தேன். 'அண்ணன் திரும்பி நடந்தான்.'

"அடுத்த பக்கத்தத் திருப்பு" என்றான்.

"அடுத்த பக்கம் இல்லடா. கதை முடிஞ்சுருச்சு."

"முடிஞ்சுருச்சா? தட்டலையா?"

"தட்டல."

அவன் மேலே ஓடும் காற்றாடியைப் பார்த்துக்கொண்டு கிடந்தான். பிறகு மெதுவாக, "ஒனக்கு இன்னும் சரியா வாசிக்க வரலண்ணே" என்றான்.

"வந்துருச்சுடா. ஒவ்வொரு எழுத்தாத்தான் வாசிச்சேன்."

"செல்வம் அப்ப ஒம்பதாப்பு. நீ நேத்துப் படிச்ச ஆளு. அவன் வாசிச்சது தப்பாகுமா? வரியக் கிரிய விட்ருப்ப."

புத்தகத்தை உன் சித்தியிடம் நீட்டினேன். அவள் எட்டாவது வரை படித்தவள். "நீ வாசிச்சுச் சொல்லும்மா, நான் வரிய விட்டேனா?" அவள் வாங்கினாள். அவள் கண் அந்தப் பக்கத்தில் மேலிருந்து கீழ் வரை போனதை நான் பார்த்தேன். முழுசாக வாசித்துவிட்டாள். பிறகு கட்டிலில் கிடந்தவனை ஒரு பார்வை பார்த்தாள். "பொடி எழுத்தா இருக்கு மாமா. கண்ணாடி இல்லாம எனக்குத் தெரியல" என்று புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தாள்.

கண்ணாடி அவள் மூக்கின் மேல் இருந்தது, செல்வம்.

அவன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு, "பயகிட்டக் கேளு, அவன் சொல்லுவான்" என்றான். நான் புத்தகத்தைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு புறப்பட்டேன். உன் சித்தி வாசல் வரை வந்து, "சாப்பிட்டுப் போங்க மாமா" என்றாள். "எனக்கும் கண்ணு தெரியலம்மா, சோறு எங்க இருக்குன்னு" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம்தான். வருகிற வழியில் பஸ்ஸுக்கு வெளியே எத்தனையோ பலகைகள் இருந்தன. ஒன்றைக்கூட வாசிக்கவில்லை.

இப்போது காரியத்தைச் சொல்கிறேன். நீ உன் சித்தப்பாவுக்குப் போன் செய்ய வேண்டும். அப்பா வாசித்தது சரி, ஒரு வரிகூட விடவில்லை, கதவைத் தட்டியது என் கற்பனை என்று சொல்ல வேண்டும். நீ என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியும். "சித்தப்பா, அப்பா ஒரு பக்கத்தச் சேத்துத் திருப்பிருப்பாரு" என்று இனிமையாகச் சொல்லிவிடுவாய். உன் குரல்கூட எனக்குக் கேட்கிறது. அப்படிச் சொன்னால் உன் சித்தப்பா சந்தோஷமாகத் தூங்குவான். உன் அம்மாவும் தலையைக் குனிந்துகொள்வாள். ஆனால் இந்த வயதில் எழுத்துக் கூட்டிப் படித்து, முதன்முதலாக ஒருவருக்குப் புத்தகத்தைச் சத்தமாக வாசித்துக் காட்டிய உன் அப்பா, வாசிக்கத் தெரியாதவனாகவே செத்துப்போவான். அதை நீ செய்யாதே. அவன் கேட்டால், அப்படியென்றால் அண்ணன் அன்றைக்கு எதற்காக என் கதவைத் தட்டினார் என்று கேட்டால், அதற்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். என்ன பதில் என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை. அது என் பாடு.

உனக்கு நான் நன்றி சொல்லவில்லை. எதிர்பார்க்காதே. உன் மகளுக்கு நீ தூங்கும் முன் புத்தகம் வாசிப்பதாக மருமகள் சொன்னாள். அவளுக்கு இருப்பதை இருக்கிறபடி வாசி. ஓநாய் ஆட்டைத் தின்றால் தின்றது என்று வாசி. அவள் அழுதால் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, 'இனி அப்பா சொல்கிறேன்' என்று சொல்லி, வெள்ளத்தையும் சிறுத்தையையும் கொண்டுவா. உன் முடிவும் மோசமில்லை. புத்தகத்தை மூடிய பிறகு சொல், அதுதான் நான் கேட்பது. நாளைக்கு அவள் எழுத்துக் கூட்டி வாசிக்கும்போது உன்னைப் பிடித்துவிடக் கூடாது. பிடிபட்டவனைப் பார்ப்பது பிடித்தவனுக்கும் நன்றாக இருக்காது.

உன் அம்மாவோடு நேற்றிலிருந்து பேசுகிறேன். வேன் வந்துவிட்டது, சாக்கைப் பிடிக்க ஆள் வேண்டியிருந்தது. சிவப்பு அட்டைப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். கடைசிப் பக்கத்துக் கறைக்குப் பக்கத்தில் இப்போது என் விரல் கறையும் இருக்கிறது. நூலக அம்மாவிடம், நீ வாசித்த நீல அட்டைக் கப்பல் கதையைக் கேட்டு வாங்கி வந்திருக்கிறேன். புயலில் மாட்டிய கப்பல் கடைசியில் கரை சேர்ந்தது, அதில் இருந்த கிழவன் முதலில் இறங்கினான் என்று நீ வாசித்தாய். நாங்கள் அன்றைக்குக் கைதட்டினோம். பாதி வாசித்துவிட்டேன், இன்னும் நடுக்கடலில்தான் இருக்கிறது. கடைசிப் பக்கத்தைப் புரட்டிப் பார்க்காமல் வரிசையாகப் போகிறேன். அந்தக் கிழவன் இறங்கினானா இல்லையா என்று அடுத்த வாரம் எழுதுகிறேன். நான் எழுதுவதற்குள் நீ மேலூருக்குப் போன் பேசியிருக்க வேண்டும்.

அப்பா